தலைக்கனத்தில் எவ்வளவு மிச்சம் வைப்பது?

பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி, கைச்சக்கரங்களைக் கழற்றி, அந்த இடத்தில் மோட்டார்களைப் பொருத்தி, கம்ப்யூட்டர் சொன்னபடி ஓட வைக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் இல்லை, வீட்டை ஒட்டிய கார் ஷெட்டிலோ தகரக் கொட்டகையிலோ வேலை செய்கிற ஆர்வலர்கள். அவர்கள் எழுதும் குறிப்புகளைச் சில வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். நான் மெஷின் கட்டுகிறவன் இல்லை, கருவிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கிறவன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இடவலமாகப் போகும் அச்சைப் பற்றியோ முன்பின்னாகப் போகும் அச்சைப் பற்றியோ யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. மேலும் கீழும் போகிற மூன்றாவது அச்சு வந்ததும் ஆளுக்கொரு கட்சி. பின்னால் பளுவைத் தொங்கவிடு என்பார் ஒருவர். கேஸ் ஸ்பிரிங் போடு என்பார் இன்னொருவர். அதெல்லாம் எதற்கு, பெரிய மோட்டாராகப் போட்டால் போச்சு என்பார் மூன்றாமவர்.

இந்தச் சண்டை நேற்று ஆரம்பித்ததல்ல. தேடிக்கொண்டே போனால் அது எகிப்து வரைக்கும் போகிறது. வழியில் எனக்குத் தென்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை: எதிர்ப்பளுவை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் யாரும் எடையை முழுசாக ரத்து செய்ததில்லை. எவ்வளவு எடையை மிச்சம் வைப்பது, எந்தப் பக்கம் மிச்சம் வைப்பது என்பதுதான் அவர்களுடைய கணக்காக இருந்திருக்கிறது.

முதலில் பிரச்சினை என்ன?

லேத்தில் பொருள் சுழலும், உளி சுழலாது. மில்லிங்கில் தலைகீழ். வெட்டும் கருவி சுழலும், பொருள் மேசைமேல் வைஸின் பிடியில் இருக்கும். மேசை இடவலமாகவும் முன்பின்னாகவும் நகரும். வெட்டும் ஆழத்துக்கு ஒன்று மேசை ஏறி இறங்க வேண்டும், அல்லது கருவியைத் தாங்கியிருக்கும் பகுதி ஏறி இறங்க வேண்டும். மோட்டார், கியர், ஸ்பிண்டில் எல்லாம் அடங்கிய அந்த இரும்பு வார்ப்புக்கு மெஷின்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹெட்’. நாம் தலை என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய நடுத்தர மெஷினுக்குத் தலையின் எடை 60 கிலோ என்று பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன். விசைக் கணக்கில் அது 588 நியூட்டன்.

மேசையை இடவலமாக நகர்த்தினால் எந்தப் பக்கம் போனாலும் ஒரே உழைப்பு. தலை அப்படியில்லை. ஏறும்போது 60 கிலோவைத் தூக்கியாக வேண்டும். இறங்கும்போது அதே 60 கிலோ மோட்டாரைத் தள்ளும். சும்மா நிற்கும்போதும் அது கீழே வரத்தான் பார்க்கும். நடுராத்திரியில் மெஷினை அணைத்துவிட்டுப் போன பிறகும் புவியீர்ப்புக்கு விடுமுறை கிடையாது.

ஏற்றக்காரரின் கணக்கு

எகிப்தில் தேர் எல்-மதீனாவில் இபுயி என்பவருடைய கல்லறை இருக்கிறது. காலம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டு. அதன் சுவரோவியத்தில் ஒருவர் தோட்டத்துக்கு நீர் இறைக்கிறார். கம்பத்தின் மேல் குறுக்கே ஒரு நீண்ட கழி, ஒரு முனையில் வாளி, மறுமுனையில் களிமண் பளு. ‘ஷாதூஃப்’ என்று அரபியில் சொல்லப்படும் கருவி இது. இதைவிடப் பழைய மெசபடோமிய முத்திரைகளிலும் இந்த உருவம் உண்டு. நமக்கு இது புதிதில்லை, நம்மூர் ஏற்றத்தின் உறவுக்காரன்தான்.

நம்மூர் ஏற்றத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். துலாவின் மேல் ஆட்களே ஏறி நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், பின்பக்கம் நடந்தால் சால் ஏறும். ஆங்கிலேயர் ஆவணங்களில் ‘பிக்கோட்டா’ என்று வருவது இந்த மிதியேற்றத்தைத்தான். எதிர்ப்பளு நடந்து போகிறது! வேண்டியபோது வேண்டிய பக்கம் எடையைக் கூட்டிக்கொள்கிற ஏற்பாடு.

ஆள் ஏறாத சாதாரண ஏற்றத்தில் கல்லின் எடையை எப்படி முடிவு செய்வது? காலிச் சாலுக்குச் சமமாகக் கட்டினால் நிறைந்த சாலைத் தூக்கும்போது இடுப்பு ஒடியும். நிறைந்த சாலுக்குச் சமமாகக் கட்டினால் காலிச் சாலைக் கிணற்றுக்குள் இறக்கும்போது அவ்வளவு எடையையும் கையால் இழுத்தாக வேண்டும். அதனால் இரண்டுக்கும் நடுவில் வைப்பார்கள். பாதி உழைப்பு இறக்கும்போது, பாதி உழைப்பு ஏற்றும்போது. உடம்பின் எடையைப் போட்டுக் கீழே இழுப்பது மேலே தூக்குவதைவிட எளிது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணியிருப்பார்கள். இன்றைய லிஃப்டிலும் இதே கணக்குதான். எதிர்ப்பளு என்பது லிஃப்ட் பெட்டியின் எடையும், அது சுமக்கக்கூடிய முழுச்சுமையில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதமும் சேர்ந்தது. காலியாக ஏறும் லிஃப்டைக் கூடுதலாக இருக்கும் எதிர்ப்பளுவே மேலே இழுக்கும். நிறைந்து ஏறும் லிஃப்டுக்கு மோட்டார் உழைக்கும்.

கார்ன்வால் சுரங்கத்தின் கல்பெட்டி

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருக்கிறது. அங்கே தகர, செம்புச் சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்ற 19-ஆம் நூற்றாண்டில் பிரம்மாண்டமான நீராவி எஞ்சின்கள் ஓடின. ஈஸ்ட் பூல் சுரங்கத்தில் 90 அங்குல விட்டமுள்ள சிலிண்டர் கொண்ட எஞ்சின் ஒன்று 1954 வரைக்கும் வேலை செய்தது. இன்றும் அதைப் போய்ப் பார்க்கலாம்.

இந்த எஞ்சின்களில் நீராவி நேரடியாக நீரைத் தள்ளுவதில்லை. எஞ்சினிலிருந்து சுரங்கத்தின் ஆழம் வரை, மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் பிணைத்துச் செய்த நீளமான பம்பு ராடு ஒன்று தொங்கும். நீராவி அந்த ராடைத் தூக்கிவிடும். பிறகு ராடு தன் எடையாலேயே இறங்கி, கீழேயுள்ள பம்புகளின் பிளஞ்சரை அழுத்தி நீரை மேலே ஏற்றும். அதாவது உண்மையில் வேலை செய்வது ராடின் எடைதான்.

சுரங்கம் ஆழமாக ஆழமாக ராடும் நீளும். ஒரு கட்டத்தில் ராடின் எடை, நீரைத் தள்ளத் தேவையானதைவிட மிக அதிகமாகிவிடும். அப்படியே விட்டால் ஒவ்வொரு தடவையும் வெட்டியாகத் தூக்க வேண்டிய சுமை அது. அதனால் ராடோடு ஒரு சீசா போன்ற உத்தரத்தை இணைத்து, அதன் மறுமுனையில் பெட்டி ஒன்றை வைத்துக் கல்லும் பழைய இரும்பும் போட்டு நிரப்பினார்கள். ‘பேலன்ஸ் பாப்’ என்று பெயர். சுரங்க வாயிலில் ஒன்று போதாவிட்டால் சுரங்கத்துக்குள்ளேயும் வைத்தார்கள். முக்கியமான விஷயம், அந்தப் பெட்டியில் எவ்வளவு போடுவது என்பது. ராடின் எடை முழுவதுக்கும் கல்லைப் போட்டால் ராடு இறங்காது, நீரும் ஏறாது. நீரைத் தள்ள எவ்வளவு எடை வேண்டுமோ அதை விட்டுவைத்து, மிஞ்சியதை மட்டுமே கல்லால் சமன் செய்தார்கள்.

மில்லிங் மெஷினின் தலைக்கு இந்தக் கல்பெட்டிதான் சரியான முன்னோடி என்பது என் கட்சி. அதற்கு முன், மில்லிங் மெஷின் இத்தனை காலம் இந்தத் தொல்லையில்லாமல் எப்படிப் பிழைத்தது என்று பார்த்துவிடுவோம்.

கனமானது மெதுவாக, லேசானது வேகமாக

அமெரிக்காவின் ராட் ஐலண்டில், பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியின் ஜோசஃப் பிரவுன் 1862-இல் ஒரு யுனிவர்சல் மில்லிங் மெஷினைச் செய்தார். ட்விஸ்ட் ட்ரில்லின் முறுக்கிய பள்ளங்களை வெட்டுவதற்காகப் பிறந்த மெஷின். அதில் சுழலும் ஸ்பிண்டில் தூணோடு நிலையாக இருந்தது. மேசையைத் தாங்கிய ‘முழங்கால்’ என்ற பகுதிதான் திருகாணியால் ஏறி இறங்கியது. அடுத்த நூறு வருடத்துக்கு மில்லிங் மெஷின் என்றாலே மனதில் வரும் உருவத்துக்கு அதுவே அச்சாரம்.

1938-இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ருடால்ஃப் பானோ, மாக்னஸ் வால்ஸ்ட்ரோம் என்ற இரண்டு சுவீடன்காரர்கள் தங்கள் டரட் மில்லைக் கொண்டுவந்தார்கள். இன்று எந்த நாட்டு வொர்க்‌ஷாப்பிலும் அந்த மெஷினையோ அதன் நகலையோ பார்க்க முடியும். அதில் செங்குத்து அசைவு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முழங்கால், மேசை, வைஸ் எல்லாம் சேர்ந்த சில நூறு கிலோவை ஒரு கைப்பிடியால் மெதுவாகச் சுற்றி ஏற்றுவீர்கள். ட்ரில் போடுகிற வேகமான அசைவுக்கு ‘குவில்’ என்கிற சின்ன உருளை மட்டும் 5 அங்குலம் இறங்கும். ஏறக்குறைய கடிகாரச் சுருள் போன்ற ஒரு ஸ்பிரிங் அதன் எடையைத் தாங்கிக்கொள்ளும். பெஞ்ச் ட்ரில்லிங் மெஷினில் கைப்பிடியை விட்டதும் ட்ரில் தானாக மேலே போகிறதே, அதற்குக் காரணமும் அப்படியொரு சுருள்தான்.

ஆக, கனமானது மெதுவாக நகர்ந்தது. வேகமாக நகர்ந்தது லேசாக இருந்தது. இரண்டும் ஒன்றாகச் சேரவில்லை. அதனால் தொல்லையும் வரவில்லை.

இன்னொரு காவலாளியும் இருந்தான். அவன் பெயர் உராய்வு. முழங்காலைத் தாங்குவது ஏக்மி வகைத் திருகாணி. 20 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. புரியிடையும் கொண்ட ஒரு திருகாணியை எடுத்துக்கொள்ளுங்கள். புரியை விரித்துப் பார்த்தால் அது ஒரு சாய்தளம், சரிவு சுமார் 0.07. எண்ணெய் போட்ட இரும்புக்கும் வெண்கல நட்டுக்கும் நடுவே உராய்வுக் கெழு 0.1-க்கு மேல். சரிவைவிட உராய்வு பெரியது என்பதால் மேலே எவ்வளவு எடை வைத்தாலும் திருகாணி தானாகப் பின்னோக்கிச் சுற்றாது. கார் ஜாக்கியை இடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடிவது இதனால்தான். இதற்குக் கொடுக்கும் விலை, நாம் போடும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் தூக்குவதற்குப் போகும். மற்றது சூடாகி வீணாகும்.

அந்த எடையால் ஒரு லாபமும் இருந்தது. திருகாணிக்கும் நட்டுக்கும் இடையே எப்போதும் கொஞ்சம் ‘ப்ளே’ இருக்கும், பேக்லாஷ் என்பார்கள். முழங்காலின் எடை எந்நேரமும் கீழ்நோக்கி அழுத்துவதால் புரி ஒரே பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். எடை தரும் இலவச சேவை இது. பழைய மெஷினிஸ்டுகள் முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டு, பிறகு மேலேற்றி அளவுக்குக் கொண்டுவருவார்கள். எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்பதைக் கைகள் அறிந்திருந்தன.

காவலாளி வேலையை விட்டுப் போனான்

மிச்சிகனின் ட்ராவர்ஸ் சிட்டியில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் விசிறித் தகடுகளைச் செய்துகொண்டிருந்தார். வளைவுகளை எண்களாகக் கணக்கிட்டு அந்த எண்களாலேயே மெஷினை ஓட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. 1949-இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. வேலையின் ஒரு பகுதி எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகத்துக்குப் போனது. 1952-இல் ஒரு சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மெஷின், துளையிட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சிலும் ஒரே நேரத்தில் நகர்ந்து காட்டியது. அதுவும் ஏற்கனவே இருந்த மெஷினை மாற்றியமைத்ததுதான். நம் தகரக் கொட்டகைக்காரர்கள் செய்வதும் அதே வேலையைத்தான். 1990-களில் அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் எழுதிய கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து லினக்ஸ்சிஎன்சி வளர்ந்தது. அதனால் அந்தக் கலை இலவசமாக வீட்டு வாசலுக்கே வந்தது.

கம்ப்யூட்டர் ஓட்டும்போது பேக்லாஷும் உராய்வும் எதிரிகள். அதனால் ஏக்மி திருகாணியின் இடத்துக்குப் பால் ஸ்க்ரூ வந்தது. புரிக்கும் நட்டுக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள் உருளும். இதற்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே காப்புரிமை உண்டு. 1940-களில் அமெரிக்கக் கார்களின் ஸ்டீயரிங்கில் புழக்கத்துக்கு வந்தது. போடும் உழைப்பில் 90 சதவீதம் நேரே வேலைக்குப் போகும்.

ஆனால் உருளுவது இரண்டு பக்கமும் உருளும். 60 கிலோ தலையை 5 மி.மீ. லீட் உள்ள பால் ஸ்க்ரூவில் வைத்தால், அது திருகாணியைப் பின்னோக்கிச் சுற்றும் முறுக்கு விசை சுமார் 0.4 நியூட்டன்-மீட்டர். கரண்ட் இல்லாத ஸ்டெப்பர் மோட்டார் தன் காந்தத்தால் தடுக்கக்கூடியது 0.1, 0.2 அளவில்தான். மிச்சத்தைத் தடுக்க யாரும் இல்லை.

கோவைப் பக்கம் ஒரு நண்பரின் கொட்டகையில் இப்படித்தான் நடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்வெட்டு. ஸ்பிண்டில் சுழற்சி அடங்குவதற்குள் தலை சர்ரென்று இறங்கி, கட்டர் வைஸின் தாடையில் குத்தி உடைந்தது. “கரண்ட் போச்சு, தலையும் போச்சு” என்று போனில் சிரித்தபடி சொன்னார். அதற்கு ஒரு நிமிஷம் முன்பு அந்த வைஸில் கையை விட்டுச் சுருளைத் தள்ளிக்கொண்டிருந்ததாக அடுத்த வாக்கியத்தில் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய மோட்டாராகப் போட்டால் போச்சு என்கிற கட்சிக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். கரண்ட் இருக்கும் வரைதான் மோட்டார் பெரியது. சர்வோ மோட்டாராக இருந்தால், தலையைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதற்கே கரண்டைக் குடித்துச் சூடாகிக்கொண்டும் இருக்கும்.

கல்லைத் தொங்கவிடுகிறவர்கள்

முதல் வழி, எகிப்தியர் வழி. தூணின் மேல் இரண்டு புல்லி, ஒரு கம்பிவடம் அல்லது சங்கிலி, பின்னால் இரும்புப் பளு. இதன் பெரிய பலம், தலை எங்கே நின்றாலும் தாங்கும் விசை ஒன்றேதான். வெயிலுக்கும் மாறாது, வருடம் போனாலும் குறையாது.

இதன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு, நகர்த்த வேண்டிய நிறை இரட்டிப்பாகிவிடுகிறதே என்பது. உண்மைதான், ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீட்டு மெஷின் வேகமெடுப்பது விநாடிக்கு விநாடி அரை மீட்டர் அளவில். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. ஆக, பளு வடத்தை இழுக்கும் விசை 5 சதவீதம்தான் ஏறி இறங்கும். அதோடு 5 மி.மீ. திருகாணி வழியாகப் பார்த்தால் அந்த 60 கிலோவின் நிலைமம், பெரிய ஸ்டெப்பர் மோட்டாரின் சொந்த ரோட்டாரைவிடக் குறைவாகவே தெரியும். இதற்குப் போய் பயப்படத் தேவையில்லை.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? தொழிற்சாலை மெஷின்களிலிருந்து. அங்கே தலை புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் எகிறும். தலை அந்த வேகத்தில் மேலே போனால், பின்னால் பளுவும் அதே வேகத்தில் விழுந்தாக வேண்டும். தானாக விழும் பொருள் அதைவிட வேகமாக விழ முடியாதே! வடம் தொய்ந்துவிடும், பிறகு வெடுக்கென்று இழுக்கும். அதனால் அவர்கள் ஹைட்ராலிக்குக்கும் நைட்ரஜன் சிலிண்டருக்கும் போனார்கள். பெரியவர்களுக்கு வந்த நோய்க்கான மருந்தைச் சின்னவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏற்றத்தில் கல் குட்டையான பக்கத்தில், கம்பத்துக்கு அருகில் இருக்கும். கல் பெரியது, ஆனால் கொஞ்சமே நகரும். இதே மாதிரி, பளு பாதித் தூரமே நகரும்படி புல்லியைக் கட்டினால் 120 கிலோ தொங்கவிட வேண்டிவரும். ஆனால் நகர்த்தும்போது அது 30 கிலோவாகத்தான் கனக்கும். நிறை இரண்டு மடங்கு என்றாலும், வேகம் பாதியாவதன் இருமடிப் பலன் நமக்குச் சாதகம். துலாக்கட்டையை வடித்த தச்சருக்கு இந்தச் சூத்திரம் தேவைப்படவில்லை.

உண்மையான குறைகள் வேறு. பளு ஊஞ்சலாடாமல் இருக்க வழித்தடம் வேண்டும். தூண் தாங்கும் சுமை கூடும். வடம் அறுந்தால் இரண்டு பக்கமும் விழும். 1854-இல் எலிஷா ஓட்டிஸ், நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் தான் நின்ற மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லி, மேடை விழாமல் நிற்பதைக் காட்டினார். தொங்குகிற எதையும் நம்ப வேண்டுமானால் முதலில் கயிறு அறுந்தால் என்ன என்று கேட்க வேண்டும் என்பது அந்தக் காட்சியின் பாடம்.

ஸ்பிரிங்கின் குணம்

ஸ்பிரிங்குக்கு எடையில்லை, ஆனால் அது இழுக்க இழுக்க முறுக்கிக்கொள்ளும். விசை ஒரே சீராக இருக்காது. ஸ்பிரிங்கால் ஓடிய பழைய கடிகாரங்களில் கூம்பு வடிவச் சக்கரம் ஒன்று இருந்தது இதைச் சரிக்கட்டத்தான். இங்கிலாந்தின் பாத் நகரில் கார் சஸ்பென்ஷன் வேலை பார்த்த ஜார்ஜ் கார்வர்டைன், ஸ்பிரிங்குகளையும் கைகளையும் சரியான கோணத்தில் வைத்து, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் மேசைவிளக்கை 1932-இல் கண்டுபிடித்தார். ஆங்கிள்பாய்ஸ் விளக்கு அது. சீனாவின் ஸீக் எக்ஸ்2 என்ற குட்டி மில்லில் தலையைத் தாங்குவது ஒரு முறுக்கு ஸ்பிரிங் கை. கார்வர்டைன் காட்டிய நுணுக்கம் அதில் இல்லை என்பதால் பலர் அதைக் கழற்றிவிட்டு கேஸ் ஸ்பிரிங் போடுகிறார்கள்.

கேஸ் ஸ்பிரிங் உங்களுக்குத் தெரிந்ததுதான். காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிறதே, அது. உள்ளே அழுத்திய நைட்ரஜன். அமுக்கினால் அதன் விசையும் கூடும், ஆனால் கம்பிச் சுருள் அளவுக்கு இல்லை. முழுக்க அமுங்கும்போது 1.3 மடங்கு என்று வைத்துக்கொள்வோம்.

பொறி இங்கேதான் இருக்கிறது. 588 நியூட்டன் தலைக்கு 250 நியூட்டன் ஸ்பிரிங் இரண்டு போடுகிறீர்கள். மொத்தம் 500, பார்க்க அழகான கணக்கு. தலை மேலே இருக்கும்போது 88 நியூட்டன் கீழ்நோக்கி மிச்சம். தலை கடைசிவரை இறங்கும்போது ஸ்பிரிங்குகள் 650-க்கு ஏறிவிடும். இப்போது 62 நியூட்டன் மேல்நோக்கி! வழியில், பாதிக்குச் சற்றுக் கீழே, ஒரு இடத்தில் மிச்சம் சரியாகப் பூஜ்யம். அந்த இடத்தில் தலை எந்தப் பக்கமும் சாராமல் பேக்லாஷுக்குள் மிதக்கும். முழுச் சமநிலை என்று நாம் ஆசைப்பட்ட அந்தப் புள்ளிதான் மெஷினின் மோசமான புள்ளி.

200 நியூட்டன் இரண்டு போட்டுப் பாருங்கள். மேலே 400, கீழே 520. மிச்சம் 188-இலிருந்து 68 வரை, எப்போதும் கீழ்நோக்கி. மே மாதத் தகரக் கொட்டகையில் 40 டிகிரி அடித்தால் வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் இருந்ததைவிட 7 சதவீதம் கூடும். 520 என்பது 555 ஆகும். அப்போதும் 33 மிச்சம். கணக்கு தப்பவில்லை. பால் ஸ்க்ரூவைப் பின்னோக்கிச் சுற்றும் விசை அதிகபட்சம் 0.13 நியூட்டன்-மீட்டர் ஆகிவிடும். மோட்டாரின் காந்தமும் வழித்தடத்தின் உராய்வும் சேர்ந்து பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் அளவு.

மிச்சத்தை ஏன் கீழ்நோக்கி வைக்க வேண்டும், மேல்நோக்கி வைத்தால் என்ன? வழக்கமான வலப்புரி எண்ட் மில் வெட்டும்போது தன்னையும் தலையையும் பொருளுக்குள் இழுத்துக்கொள்ளப் பார்க்கும். தலை ஏற்கனவே கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டும் ஒரே திசை, ஆட்டமில்லை. மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கட்டர் இழுக்கும் தருணத்தில் தலை பேக்லாஷ் அளவுக்குத் துள்ளி இறங்கும். முடித்த பரப்பில் தழும்பு விழும். கார்ன்வால்காரர்கள் ராடு இறங்குவதற்கென்று எடையை விட்டுவைத்தார்கள். இங்கே புரி ஒட்டியிருப்பதற்கென்று விட்டுவைக்கிறோம்.

எங்கே பிடித்துத் தூக்குவது?

எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் கேள்வி. தலையின் எடைமையம் தூணுக்கு வெளியே, முன்னால் இருக்கிறது. அதனால் தலை கீழே வரப் பார்ப்பதோடு முன்னால் கவிழவும் பார்க்கும். தூணை ஒட்டி வடத்தைக் கட்டினால் எடை குறையும், கவிழ்ச்சி அப்படியே இருக்கும். வழித்தடத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தேய்ந்துகொண்டே இருக்கும். எடைமையத்துக்கு நேர்மேலே பிடித்துத் தூக்கினால் இரண்டு தொல்லையும் சேர்ந்து குறையும். நிறைந்த குடத்தைத் தூக்குகிறவர் யாரும் அதை ஒரு ஓரத்தில் பிடித்துத் தூக்குவதில்லை.

இத்தனையும் செய்த பிறகும் எதிர்ப்பளு என்பது பிரேக் ஆகிவிடாது. கேஸ் ஸ்பிரிங் வருடக்கணக்கில் மெதுவாகக் கசியும். ராடு கீழ்ப்பக்கமாக வரும்படி மாட்டினால் சீலில் எண்ணெய் நின்று ஆயுள் கூடும், அவ்வளவுதான். கரண்ட் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள மோட்டார்கள் கிடைக்கின்றன. அதற்குப் பணமில்லை என்றால், வைஸில் கை வைப்பதற்கு முன் தலைக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுப்பது காசில்லாத வைத்தியம்.

கல்லறை ஓவியத்தில் நீர் இறைக்கிறவரும், கல்பெட்டியை நிரப்பிய சுரங்கத்து ஆளும், லிஃப்ட் என்ஜினியரும் ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். எடை எதிரி இல்லை. அது ஒரே திசையில் ஓயாமல் உழைக்கிற கூலி கேட்காத ஆள். அதற்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், மிச்சத்துக்குக் கல்லா கேஸா என்பது சின்னக் கேள்விதான். மெஷின் மாற்றுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஸ்பிரிங் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் தலையைக் கழற்றித் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 60 என்பது என் கணக்குக்காகச் சொன்ன எண். உங்கள் தலையின் கனம் உங்களுக்குத்தான் தெரியும்.